ஃபிரீஸ் டிரையர் வீட்டுக்கு ஒண்டு வேண்டாம், ஊருக்கு ஒண்டு போதும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கட வாசகர் கடிதப் பக்கத்தில ஒருத்தர் எழுதியிருந்தார், வெளிநாட்டுல இருக்கிற மாதிரி, சாப்பாட்டுச் சாமான உறைய வச்சுக் காயவைக்கிற ஃபிரீஸ் டிரையர் மெஷின நம்மட நாட்டுக்கும் வரி இல்லாம விடவேணும், வீட்டுத்தோட்டம் செய்யிற குடும்பம் எல்லாம் ஆளுக்கொண்டு வாங்கி வச்சா மரக்கறி பழம் அழுகிற கதையே இருக்காது எண்டு. வாசிச்ச நேரத்தில இருந்து இது மண்டைக்குள்ள ஓடிக்கொண்டே கிடக்கு. ஏனெண்டா அந்த மெஷின நான் கிட்ட நிண்டு பாத்திருக்கிறன், கனடாவில ஸ்கார்பரோவில தங்கச்சி வீட்டு நிலக்கீழ் அறையில ஒண்டு இருக்கு, அதில வேலையும் செய்திருக்கிறன். மெஷின் நல்லது, அதில எனக்கு ஒரு சண்டையும் இல்ல. வீட்டுக்கு ஒண்டு எண்டு சொன்னாரே, அங்கதான் எனக்கு ஒத்துவரேல்ல.

வீணாப்போற கணக்கு அவர் சொன்னது உண்மை. வைகாசி ஆனி வந்தா திருகோணமலையில மாம்பழத்துக்கு மரியாதையே இல்ல. நிலாவெளிப் பக்கம் எங்கட வளவில விழுறத பொறுக்கி பக்கத்து வீட்டுக்குக் குடுப்பம் எண்டு போனா அவங்கட வாசல்லயும் ஒரு கூடை இருக்கு, அவங்க நமக்குத் தரவெண்டு எடுத்து வச்சிருக்கிறாங்க. அதே நேரத்தில பலாப்பழம், காட்டுப்பக்கம் இருந்து பாலைப்பழம், வீரப்பழம், எல்லாம் ஒண்டா வந்து குவியும், பிறகு மாரி தொடங்கினா சந்தையில பயித்தங்காய் ஒரு பிடி வாங்க யோசிக்க வேண்டியிருக்கு. இலங்கையில பழம் மரக்கறி அறுவடைக்குப் பிறகு 30 இல இருந்து 40 வீதம் வரை வீணாப்போகுது எண்டுதான் வழமையாச் சொல்ற கணக்கு. எங்கட வளவில மாம்பழ சீசனில அது 70 எண்டாலும் நான் நம்புவன், மாடு தின்னுறதயும் சேத்து.

மெஷின் எப்பிடி வேலை செய்யுது எண்டு அந்தக் கடிதத்தில இல்ல, அது விளங்கினாத்தான் மிச்சம் விளங்கும். தண்ணிய ஐஸ் ஆக்கி அந்த ஐஸ தண்ணியாக விடாம நேர ஆவியாக்குறதுதான் முழு வித்தையும். முதல்ல சாமான தட்டுகளில பரவி மைனஸ் 30, 40 செல்சியஸ் வரைக்கும் உறைய வைக்கும். பிறகு பம்ப் உள்ளுக்க இருக்கிற காத்த உறிஞ்சி எடுக்கும். 611 பாஸ்கலுக்குக் கீழ அமுக்கம் போனா, அதாவது நாம மூச்சு விடுற காத்தின்ட அமுக்கத்தில 160 இல ஒரு பங்குக்கும் கீழ, அங்க தண்ணி தண்ணியா இருக்கவே ஏலாது, ஒண்டு ஐஸ் இல்லாட்டி ஆவி. அந்த நேரம் பாத்து தட்டுக்கு மெல்லமா சூடு குடுக்க, சாமானுக்குள்ள இருக்கிற ஐஸ் ஆவியாக் கிளம்பி மெஷின்ட குளிர் சுவரில போய்த் திரும்ப ஐஸா ஒட்டும். எல்லாம் முடிய 20 இல இருந்து 40 மணித்தியாலம் பிடிக்கும், நல்லா தண்ணி உள்ள சாமான் எண்டா அதுக்கும் மேல. பிறகு அந்தச் சுவர் ஐஸ உருக்கி ஊத்தவேணும், பம்ப் எண்ணெய்ப் பம்ப் எண்டா எண்ணெய வடிச்சோ மாத்தியோ விடவேணும். தங்கச்சிட மனுசன் அந்த எண்ணெய் வேலைக்கு எண்டே ஒரு பழைய சாரம் வச்சிருக்கிறார்.

இது புது விஷயமும் இல்ல. தென்னமெரிக்காவில அந்தீஸ் மலையில இருக்கிற சனம் உருளைக்கிழங்க இரவுக் குளிர்ல உறைய விட்டு, பகல்ல காலால மிதிச்சு தண்ணிய வெளியேத்தி, வெயில்ல காயப்போட்டு, வருசக்கணக்கா வச்சுத் தின்னுறாங்க, சூன்யோ எண்டு பேர். ரெண்டாம் உலக யுத்தத்தில காயப்பட்ட ஆக்களுக்கு ஏத்துற இரத்தப் பிளாஸ்மாவ இந்த முறையிலதான் காயவச்சு அனுப்பினாங்க. கடையில சில கோப்பிப் போத்தலுக்குள்ள பவுடரா இல்லாம குறுணிக் கட்டியா இருக்குமே, அதுவும் இதுதான். வீட்டுக்கு எண்டு சின்ன மெஷின் வந்ததுதான் கிட்டடியில, அமெரிக்காவில யூட்டா மாநிலத்தில ஹார்வெஸ்ட் ரைட் எண்ட கம்பனி பத்துப் பன்னிரண்டு வருசத்துக்கு முந்தி வித்துத் தொடங்கின பிறகுதான் நம்மட ஆக்கள் வீட்டுப்பக்கமும் இது எட்டிப்பாத்தது.

வெளிய வாற சாமானப் பாத்தா ஆசை வரும், மறைக்கத் தேவையில்ல. மாம்பழத்துண்டு போட்ட அளவிலயே இருக்கு, சுருங்கேல்ல, நிறம் போகேல்ல, கையில எடுத்தா பாரமே இல்ல, வாயில போட்டா மொறுமொறு எண்டு உடைஞ்சு பிறகு கரையுது. முருங்கயிலை மரத்தில இருந்த பச்சையிலயே இருக்கு. சமைச்ச சோறு, பருப்பு, அவிச்ச மரவள்ளி இதெல்லாம் சுடுதண்ணி ஊத்தி கொஞ்ச நேரம் விட்டா திரும்ப சாப்பாடா வருது. தக்காளியில 94 வீதம் தண்ணி, அப்ப ஒரு கிலோ போட்டா 60, 70 கிராம்தான் கையில மிஞ்சும், மாம்பழச் சதை ஒரு கிலோ போட்டா 200 கிராமுக்குக் கிட்ட. வெயில்ல காயவச்ச பழத்தில பத்து இருபது வீதம் ஈரம் மிஞ்சும், இதில ஒண்டு ரெண்டு மூண்டு வீதத்துக்கு மேல மிஞ்சாது, அதாலதான் பூஞ்சணம் பிடிக்க இடமில்ல. சூடு கனக்க படாததால வாசமும், விற்றமின் சி மாதிரியான சத்தும் வெயில்ல காயவைக்கிறத விட நல்லாவே தங்கும்.

இனி ஒத்துவராத சாமான்கள். எண்ணெயும் கொழுப்பும் ஆவியாகாது. தண்ணி போனாலும் கொழுப்பு அப்பிடியே கிடந்து காலம் போகப் போக காறல் மணம் வரும். இப்ப யோசிச்சுப் பாருங்கோ நம்மட குசினிய. தேங்காய்ப்பால் விடாத கறி எத்தின இருக்கு? தடிச்ச பால் விட்டு வச்ச மீன்குழம்பு, எண்ணெயில பொரிச்ச கத்தரிக்காய்ப் பால்கறி, கட்டிச் சம்பல், இதெல்லாம் கனடாக்காரர் வெறும் கோழிய அவிச்சுக் காயவைக்கிற மாதிரி இருபது வருசம் நிக்காது. செய்யவேணும் எண்டா பால் விடாம கறிய வச்சுக் காயப்போட்டு, சாப்பிடுற அண்டைக்கு புதுசா பால் பிழிஞ்சு விடவேணும். தேன், ஜாம், பாலைப்பழப் பாணி மாதிரி முழுக்க இனிப்பா இருக்கிறதும் சரிவராது, பொங்கி தட்டெல்லாம் ஒட்டிக்கொண்டு கிடக்கும். அது சரி, பாணிக்கு ஏன் மெஷின், அது காய்ச்சின பானையிலயே கெடாத சாமான். நாவல்பழம், திராட்சை மாதிரி தோல் உள்ளத முழுசாப் போட்டா தோல் ஆவிய விடாது, பிளந்துதான் போடவேணும்.

அடுத்த பந்திய தயவுசெய்து வெட்டாம போடுங்கோ ஐயா, இடம் இல்லாட்டி வேற எதயும் வெட்டுங்கோ. இந்த மெஷின் கிருமியக் கொல்லாது. காயவச்சு நித்திரையாக்கும், அவ்வளவுதான், தண்ணி பட்டா திரும்ப எழும்பும். பச்சை மீனோ இறைச்சியோ முட்டையோ போட்டா வெளிய வாறதும் பச்சைதான், அத நல்லாச் சமைச்சுத்தான் தின்னவேணும், மொறுமொறு எண்டு இருக்கு எண்டு பிள்ளையள் எடுத்து வாயில போடுற மாதிரி வைக்கக் கூடாது. அதவிடப் பயம் அரைகுறையாக் காஞ்சது. வெளிய காஞ்சு நடுவில ஈரம் இருக்கிறத ஒட்சிசன் இல்லாத பையில அடைச்சு வச்சா, காத்து இல்லாத இடத்தில வளருற பொட்டுலினம் கிருமிக்கு நாமளே வீடு கட்டிக் குடுத்த மாதிரி, அதுட நஞ்சு ஆளக் கொல்லும், மணத்திலயோ நிறத்திலயோ எல்லா நேரமும் காட்டியும் குடுக்காது. அதால மெஷின் முடிஞ்சுது எண்டு மணியடிச்சாலும் தடிச்ச துண்டுகள உடைச்சு நடுவ விரலால தொட்டுப் பாக்கவேணும், குளிரா இருந்தா உள்ள இன்னும் ஐஸ் கிடக்கு. தட்ட தராசில வச்சு நிறை பாத்து, திரும்ப ரெண்டு மணித்தியாலம் ஓடவிட்டு, திரும்ப நிறை பாக்கவேணும், நிறை மாறாட்டித்தான் காஞ்சது. கருவாட்டுல உப்பு காவல் நிக்குது, இதில காவலுக்கு ஒண்டும் இல்ல. பிரஷர்காரருக்கு உப்பில்லாத மீன் கிடைக்குது எண்டு அதயே ஒரு நன்மையாச் சொல்லலாம்தான், ஆனா சமைச்சு, கொழுப்புக் குறைஞ்ச மீனாப் பாத்துத்தான் போடவேணும்.

25 வருசம் வைக்கலாம் எண்டு அந்த வாசகர் எழுதியிருந்தார், கம்பனிக்காரரும் அப்பிடித்தான் சொல்றாங்க. அது வெளிச்சம் படாத, குளிரான, காஞ்ச இடத்தில, ஒட்சிசன் உறிஞ்சும் சின்னப் பக்கெட்டும் போட்டு மைலார் எண்ட, காத்தும் வெளிச்சமும் போகாத பையில சூடு வச்சு ஒட்டினா சொல்ற கணக்கு. தங்கச்சிட நிலக்கீழ் அறை வருசம் முழுக்க நம்மட பிரிட்ஜ் கதவத் திறந்தா வாற மாதிரி ஒரு குளிர். உப்புவெளியில ஒரு தகரக்கூரை வீட்டு அலுமாரியில பகல்ல என்ன சூடு எண்டு உங்களுக்குத் தெரியும். 35 செல்சியஸில வச்சா ஆயுள் எக்கச்சக்கமாக் குறையும், வருசக் கணக்க சுருக்கித்தான் பாக்கவேணும். கடல் காத்து ஈரம் வேற. காஞ்சு வந்த சாமான் ஈரத்த இழுக்கிற வேகம் சொல்லி மாளாது, மெஷினால எடுத்து மேசையில வச்சிட்டு போன் கதைச்சிட்டு வந்தா மொறுமொறுப்பு போய் இழுபடும். வெளிய எடுத்த உடன அடைக்கவேணும், பிரிச்ச பைய கெதியா முடிக்கவேணும். மைலார் பையும் அந்தச் சின்னப் பக்கெட்டும் மெஷின் வாங்கினவுடன முடியிற செலவில்ல, ஒவ்வொரு முறையும் வேணும், பிளாஸ்டிக் போத்தல்ல போட்டு மூடி இறுக்கினாக் காணும் எண்டு நினைக்க வேண்டாம், கண்ணாடிப் போத்தல் எண்டா பரவாயில்ல.

இப்ப காசு. வீட்டு மெஷின் சின்னதில இருந்து பெரிசு வரைக்கும் அமெரிக்காவில 2,000 டொலருக்கு மேல தொடங்கி 5,000 வரை போகுது. டொலர் 300 ரூபா எண்டு வச்சாலே ஆறு லட்சத்தில இருந்து பதினஞ்சு லட்சம், அதுக்கு மேல கப்பல் கூலி, சுங்கம். வரிய எடுத்தாலும் மற்றது இருக்கு. நடுத்தர அளவு மெஷின் ஓடுற நேரம் சராசரியா ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு யூனிட்டுக்குக் கிட்ட இழுக்கும், ஒருக்காப் போட்டு எடுக்க 30 யூனிட் எண்டு வையுங்கோ. மாசம் 90 யூனிட் எரியிற வீடு எண்டா ஒருக்கா மாம்பழம் காயவச்சதுக்கே மாசத்துக் கரண்டில மூண்டில ஒரு பங்கு கூடும், மூண்டு தரம் போட்டா பில் இரட்டிப்பு, இரட்டிப்பு எண்டும் சொல்லேலாது, யூனிட் கூடக் கூட விலைப்படியும் ஏறும் எண்டது பில் கட்டுற எல்லாருக்கும் தெரியும். அவ்வளவும் செலவழிச்சு உள்ள போறது நாலஞ்சு கிலோ, வெளிய வாறது ஒரு கிலோவுக்கும் குறைய. சந்தையில ஒரு மாம்பழம் என்ன விலைக்குப் போகுது எண்டு கேட்டுட்டு இந்தக் கணக்கப் போட்டுப் பாருங்கோ.

அதோட 2022 யார் மறந்தது. மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாம இருந்தம். 30 மணித்தியாலம் ஓடவேண்டிய மெஷின் நடுவில நிண்டா வெற்றிடம் போய், ஐஸ் உருகி, தட்டில கிடக்கிறது ஈரக்களியாப் போகும், பிறகு அத சூப்புக்குக் கூடப் போட மனம் வராது. அந்த வருசம் ஆனியிலதானே அரசாங்க ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு குடுத்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்னாங்க, கன பேர் கொத்தினாங்க, விளைஞ்சுதும் தான், விளைஞ்சத என்ன செய்யிற எண்டு ஒருத்தரும் சொல்லித்தரேல்ல. அந்தப் பக்கத்தப் பாத்தா போன ஞாயிறு எழுதினவரின்ட கோபம் எனக்கும் விளங்குது.

நம்மட ஊருக்கு ஒரு வரம் இருக்கு, காசு குடுக்காமக் கிடைக்கிறதால ஒருத்தரும் மதிக்கிறேல்ல. கச்சான் காத்து. வைகாசியில இருந்து ஆவணி வரைக்கும் மேற்கில இருந்து அடிக்கிற அந்தச் சூட்டுக் காத்தில உடுப்பு ஒரு மணித்தியாலத்தில காயும், மிளகாய் ரெண்டு மூண்டு நாளில கலகல எண்டு சத்தம் போடும். மோர்மிளகாய், பாவக்காய் வத்தல், கத்தரிக்காய் வத்தல், வெண்டிக்காய் வத்தல், மாங்காய் வத்தல், கருவாடு இதுக்கெல்லாம் ஆறு லட்சத்து மெஷின் வேண்டாம், ஓலைப்பாயும் நுளம்பு வலையும் போதும், கொஞ்சம் முயற்சி உள்ளவங்க மரச்சட்டத்துக்கு மேல பொலித்தீன் விரிச்சு, அடியில கறுப்புத் தகடு வச்சு, காத்து போக ரெண்டு பக்கமும் வலை அடிச்ச சோலார் டிரையர் ஒண்ட தச்சருட்டச் சொல்லிச் செய்விச்சா ஈயும் மணலும் படாம இன்னும் நல்லா வரும். முருங்கயிலைய வெயில்ல போடாம நிழல்ல காயப்போட்டா நிறமும் சத்தும் கனக்கப் போகாது. எங்கட அம்மம்மா ஆக்கள் வத்தல் போடுற நாளில முற்றத்துக்குப் போக எங்களுக்கு அனுமதி இல்ல, கோழியும் நாங்களும் ஒரே வரிசையில எண்டு நினைச்சாங்க போல.

அப்ப மெஷின் எதுக்கு எண்டா, கச்சான் காத்தால செய்யேலாததுக்கு. ஐப்பசி தொடக்கம் தை வரைக்கும் மாரி, வாடைக் காத்து, பாயில போட்ட சாமான் காயாது, பூஞ்சணம்தான் பிடிக்கும். பழம் எண்டா வெயில்ல போட்டா நிறம் கறுத்து தோல் மாதிரிப் போகும், மெஷின்ல போட்டா வெளிநாட்டுக்குக் கூட அனுப்பலாம். சோறு, பருப்புக்கறி மாதிரி சமைச்ச சாப்பாட்ட வெயில்ல காயவச்சு நல்லா எடுக்கேலாது, அதுக்கு மெஷின்தான் சரி. தயிர் போட்டுக் காயவச்சா அதில இருக்கிற, பால தயிராக்கிற கிருமி முழுக்கச் சாகாது, ஆய்வுகூடங்களில உறை மோருக்கான கிருமிய இப்பிடித்தான் காயவச்சு வைக்கிறாங்க, தம்பலகாமத்து எருமைத்தயிர் செய்யிற ஆக்கள் இதக் காதுல போட்டு வைக்கலாம். 2025 கார்த்திகையில டித்வா புயல் வெள்ளம் வந்து மூதூர், வெருகல் பக்கமெல்லாம் தண்ணிக்குள்ள கிடந்த நேரம் சனத்துக்குக் கிடைச்சது என்ன? பாணும் பிஸ்கட்டும் நூடில்ஸும். சுடுதண்ணி மட்டும் ஊத்தினா சோறும் பருப்பும் கீரையுமா வாற பை ஒரு ஆயிரம் பிரதேச செயலகத்துக் களஞ்சியத்தில இருந்திருந்தா எண்டு நான் அண்டைக்கு நினைச்சன், இண்டைக்கும் நினைக்கிறன். தண்ணி இல்லாததால பாரமும் இல்ல, வள்ளத்தில ஒரு ஆள் நூறு பேருக்குச் சாப்பாடு கொண்டு போகலாம்.

அதாலதான் சொல்றன், ஊருக்கு ஒண்டு. நாம நெல்லுக் குத்த வீட்டுக்கு வீடு மில்லா வச்சிருக்கிறம்? மிளகாய வறுத்து எடுத்துக்கொண்டு அரைக்கிற மில்லுக்குப் போறம், வரிசையில நிக்கிறம், ஊர்க்கதை கதைக்கிறம், கிலோவுக்கு இவ்வளவு எண்டு குடுத்திட்டு தூள எடுத்துக்கொண்டு வாறம். இதுவும் அப்பிடித்தான் இருக்கவேணும். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்துக் கட்டடங்கள் எத்தின சும்மா பூட்டிக்கிடக்கு, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் இருக்கு, ஒரு நல்ல அறை, தனி வயரிங், கூரைக்கு மேல சோலார், கரண்ட் நிண்டா இழுக்கிற பட்டரியோ ஜெனரேட்டரோ, பழகின ரெண்டு பிள்ளையளுக்குச் சம்பளம், இவ்வளவும் இருந்தா ஒரு பெரிய மெஷின் நாள் முழுக்க ஓடி தன்ட காச தானே தேடும். வீட்டில எண்டா சீசன் முடிய அது துணி போட்டு மூடிக்கிடக்கும், மேல அயன் பண்ணின உடுப்பு அடுக்குவாங்க, தையல் மெஷினுக்கு நடந்தது இதுதானே.

சண்டை வாற இடங்களயும் சொல்லிவிடுறன், பிறகு ஆரும் சொல்லேல்ல எண்டு வரக்கூடாது. ஒரே தடவையில மீனும் மாம்பழமும் போட்டா மாம்பழம் மீன் மணக்கும், வெங்காயமும் அப்பிடித்தான், அதால மரக்கறி பழத்துக்கு நாள் வேற, மீன் இறைச்சிக்கு நாள் வேற வைக்கவேணும், ஏலுமெண்டா மெஷினே வேற. சைவக்காரர் வெள்ளிக்கிழமை தங்கட சாமான் மட்டும் போகவேணும் எண்டுவாங்க, கிண்ணியா மூதூர் ஆக்களுக்கு ஹலால் பாக்கவேணும், ரெண்டும் நியாயம், கால அட்டவணையில தீக்கலாம். ஆற்ற சாமான் எந்தத் தட்டு எண்டு பேரும் திகதியும் எழுதி ஒட்டவேணும், போடமுந்தி என்ன நிறை, எடுக்கேக்க என்ன நிறை எண்டு கொப்பியில இருக்கவேணும், அந்த வித்தியாசம்தான் பிறகு எவ்வளவு தண்ணி ஊத்தவேணும் எண்டு சொல்லும். மரக்கறிய ஒரு கொதி காட்டி எடுத்துக்கொண்டு வரச்சொல்லவேணும், இல்லாட்டி காஞ்சாலும் உள்ள இருக்கிற நொதியம் நிறத்தயும் ருசியயும் மெல்ல மெல்ல கெடுக்கும். வீட்டில தின்னுறதுக்கு எண்டா ஒரு மாதிரி, விக்கிறதுக்கு எண்டா 1980ம் ஆண்டு 26ம் இலக்க உணவுச் சட்டம் இருக்கு, பி.எச்.ஐ. எண்ட பொதுச் சுகாதாரப் பரிசோதகர்மாரயும் முதல் நாளே கூப்பிட்டுக் காட்டிச் செய்யிறது நல்லது, அவங்க பிடிச்ச பிறகு காட்டுறத விட.

இதுக்கு யார் முன்னுக்கு வாறது எண்டு கேட்டா, கேக்க இடம் இல்லாமலும் இல்ல. அநுராதபுரத்தில அறுவடைக்குப் பிந்திய முகாமைத்துவத்துக்கு எண்டே தேசிய நிறுவனம் ஒண்டு இருக்கு, இங்க இருந்து ஏ12 ரோட்டால நேர போற தூரம். கண்டிக்குக் கிட்ட கன்னொறுவையில விவசாயத் திணைக்களத்துக்கு உணவு ஆராய்ச்சிப் பிரிவு இருக்கு. நம்மட பக்கத்திலயே கோணேசபுரியில கிழக்குப் பல்கலைக்கழகத்துத் திருகோணமலை வளாகம், அதில சித்த மருத்துவ பீடமும் இருக்கு, மூலிகை காயவைக்கிற விஷயத்தில இதுக்கு ஒரு கண் வைக்காம இருப்பாங்களா? இவங்க ஆராவது ஒராள் ஒரு வருசத்துக்கு ஒரு மெஷின வச்சு, மாரியில ஒருக்கா கச்சானில ஒருக்கா எண்டு நம்மட முருங்கயிலை, பலாப்பழம், பாலைப்பழம், பால் விடாத பருப்புக்கறி இதெல்லாம் போட்டு, நம்மட சூட்டில எவ்வளவு காலம் நிக்குது, ஒரு கிலோவுக்கு என்ன கரண்ட் எண்டு பட்டினமும் சூழலும் பிரதேச செயலகப் பிரிவில ஒரு இடத்தில சனத்துக்குக் காட்டினா அதுக்குப் பிறகு வரிய எடுக்கச் சொல்லிக் கேக்கிறதுக்கு நானும் கையெழுத்து வைப்பன். கூட்டுறவுச் சங்கத்துக்கும் மாதர் சங்கத்துக்கும் வாற மெஷினுக்கு மட்டும் வரிய எடுங்கோ எண்டு கேட்டா இன்னும் நல்லம். ஒவ்வொரு வீட்டுக்கும் வரி இல்லாம எண்டு தொடங்கினா முதல்ல கொண்டுவந்து இறக்கிறது தோட்டம் செய்யிற ஆள் இல்ல, விக்கிற ஆள்தான்.

கடிதம் நீண்டு போச்சு, பொறுத்துக்கொள்ளுங்கோ.

இப்படிக்கு,
நிலாவெளி வாசகி ஒருத்தி,
திருகோணமலை.

பி.கு.: வெளிநாட்டுல இருந்து சொந்தக்காரர் பழைய மெஷின அனுப்புறம் எண்டு சொன்னா ஒண்டு கேளுங்கோ. கனடா அமெரிக்கா மெஷின் கனக்க 110 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். நம்மட கரண்ட் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். வோல்ட்டக் குறைக்க டிரான்ஸ்போமர் வாங்கலாம், அதுவும் பெரிசா வேணும், ஆனா அது ஹேர்ட்ஸ மாத்தாது, கொம்பிரசரும் பம்பும் வேற வேகத்தில ஓடிச் சூடாகும். 230 வோல்ட்டுக்கு எண்டே செய்த மெஷினா எண்டு பின்பக்கத் தகட்டப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பாத்திட்டுத்தான் கப்பலுக்குக் காசு கட்டுங்கோ.